ஒரே நேரத்தில் அழுத்தாத இருவர்

ஓடுதேயாருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டிலும் மின்கட்டண ரசீதிலும் மட்டும் உயிரோடு இருந்தது. அலுவலகத்துக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தவர்களை, அப்படி ஒருவர் இங்கே வேலை பார்க்கவில்லை என்று வரவேற்பில் இருக்கும் பெண் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள். விஷயம் இதுதான். அவர் எழுதிய கணினி நிரலில் பிழை இருக்கிறது என்று யார் வந்து நின்றாலும் அவர் பதற மாட்டார். தன் கணினியில் அதே பொத்தானை ஒரு முறை அழுத்துவார். எல்லாம் ஒழுங்காக வரும். "என் மெஷின்ல ஓடுதே" என்பார். வந்தவர் தன் மேல்தான் ஏதோ கோளாறு என்ற முடிவோடு போவார். பல வருஷமாக இதையே சொன்னதில் அந்தச் சொல் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. இளையவர்கள் முதலில் ஓடுதே அண்ணன் என்றார்கள். முன்நெற்றி ஏற ஏற, மரியாதையை உத்தேசித்து ஓடுதேயார் என்றார்கள்.

தப்பே செய்யாத மனிதர்கள் உலகத்தில் சிலர் இருக்கக்கூடும். ஓடுதேயார் அந்த ரகம் அல்ல. தப்பு தன் மெஷினுக்கு வெளியே நடக்கும்படி பார்த்துக்கொள்கிற ரகம்.

அவர் படித்தது இயற்பியல். இயற்பியல் படித்தவர்களுக்கு உலகம் என்ன செய்யுமோ அதையே அவருக்கும் செய்தது. ஜாவா கற்றுக்கொள்ளச் சொன்னது. கற்றுக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்த அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் கண்ணாடிக் கடைப் பலகையின் முதுகு தெரியும். நாற்காலிக்கு ஒரு கைதான் உண்டு. இன்னொரு கையைப் பற்றிய விசாரணை அவர் சேர்வதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது.

அவர் வேலை சர்வர் பக்கம். வெப் பக்கத்தில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பொத்தான்தான் தெரியும். அழுத்தியது எங்கேயோ ஒரு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஜாவாவில் எழுதிய நிரல் ஒன்று அதை வாங்கி, யோசித்து, பதில் சொல்லி அனுப்புகிறது. அந்த 'எங்கேயோ'தான் ஓடுதேயாரின் ராஜ்ஜியம். பொத்தான் நீலமா பச்சையா என்பதெல்லாம் வேறு ஆட்களின் தலைவலி.

நாளடைவில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவிக்கு ஒரு தங்கை. தங்கைக்கும் கல்யாணம் ஆயிற்று. இந்த வரலாற்றுக்கு இரண்டாவது கல்யாணம்தான் முக்கியம்.

தங்கையின் கணவர், அதாவது ஓடுதேயாரின் சகலை, அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு வார்த்தை சொன்னார். மாமனார் பேச்சைத் தட்டுகிற வழக்கம் ஓடுதேயாருக்கு இல்லை, கேட்டுக்கொண்டு மறந்துவிடுவார். இந்த முறை மறக்க மனைவி விடவில்லை. சகலைக்கு அதே அலுவலகத்தில் டெஸ்டர் வேலை கிடைத்தது. டெஸ்டர் என்பவர், மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். சொந்தக்காரர்கள் இதைச் சும்மாவே செய்வார்கள் என்பதால் ஓடுதேயார் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால் சகலை வேலையில் கெட்டிக்காரராக இருந்தார். போதாக்குறைக்கு வெள்ளை மனசுக்காரர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் குடும்பம் தாங்காது. ஒரு விடுமுறை நாள், மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று மாமனார் பொதுவாகக் கேட்டுவைத்தார்.

"அண்ணன் புண்ணியத்துல நல்லாப் போகுது மாமா," என்றார் சகலை. "இந்த மாசம் மட்டும் அண்ணன் எழுதினதுல இருபது தப்பு புடிச்சிருக்கேன்."

நன்றி சொல்வதாகத்தான் அவர் நினைப்பு. மாமனார் சிரித்தார். சிரித்ததில் புரையேறியது. மாமியார் உச்சந்தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரித்தார். ஓடுதேயார் தலை நிமிராமல் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார். அன்றோடு சகலையிடம் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, செய்தி நிற்கவில்லை. இரண்டு குடும்பமும் ஒரே கட்டிடத்தில் குடியிருந்தன. மூத்தவர் மாடி, இளையவர் பள்ளிக்கூடம் போகும் மகளோடு கீழ்த்தளம். ஓடுதேயார் சொல்ல நினைப்பதை மனைவியிடம் சொல்வார். மனைவி பால்கனிக் கம்பியில் சாய்ந்து தங்கையிடம் சொல்வாள். தங்கை உள்ளே போய்க் கணவரிடம் சொல்வாள். பதில் அதே படிகளில் ஏறி வரும். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, கேட்டை யார் பூட்டுவது, மாமனாரைக் கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது எல்லாம் இப்படியே, ஒரு குறையும் இல்லாமல், இரண்டு வருஷம் நடந்தது.

அலுவலகத்தில் அக்காள் தங்கை இல்லாததால் சிக்கல் வந்தது. சோதித்துப் பார்க்க அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சர்வர். ஓடுதேயார் அதை நினைத்தபோது நிறுத்துவார், நினைத்தபோது கிளப்புவார், சொல்ல மாட்டார். சகலையின் சோதனை பாதியில் அந்தரத்தில் தொங்கும்; அவர் கேட்க மாட்டார். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி டீ வரும்வரை உட்கார்ந்திருப்பார். இதைக் கேள்விப்பட்ட முதலாளி இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். மதியம் வரை சர்வர் ஓடுதேயாருக்கு. மதியத்துக்கு மேல் சகலைக்கு. ஒருவர் வேளையில் இன்னொருவர் தொடக்கூடாது. இந்தத் தீர்ப்பைத் தன் நிர்வாகத் திறமைக்கு உதாரணமாக முதலாளி வெளியிடங்களில் சொல்வதுண்டு. அதன் பயனாக அந்த சர்வர், ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பார்க்காமலே வளர்ந்தது.

இந்த நிலையில்தான் பல் மருத்துவமனை ஒன்று வாடிக்கையாளராக வந்தது.

அவர்களுக்கு வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வருகிறவர் பெயரையும் அவர் பல்லின் நிலவரத்தையும் கவுண்டரில் தட்டி, பொத்தானை அழுத்தினால், ஒரு சீட்டு வரவேண்டும். யார், எந்தப் பல், என்ன செய்வது, எந்த அறை என்று அதில் இருக்க வேண்டும். ஓடுதேயார் எழுதினார். காலையில் அவர் பார்த்தார், சரியாக இருந்தது. மாலையில் சகலை பார்த்தார், சரியாக இருந்தது. மருத்துவமனையில் ஒரு கவுண்டரோடு ஆரம்பித்தார்கள். அங்கேயும் சரியாக இருந்தது. கூட்டம் கூடியதும் இரண்டாவது கவுண்டரைத் திறந்தார்கள்.

பல் சுத்தம் செய்ய வந்தவருக்கு வேர் சிகிச்சை என்று சீட்டு வந்தது. வேர் சிகிச்சைக்கு வந்த அம்மாள் சிறுவர் பிரிவில் பொம்மைகளுக்கு நடுவே உட்காரவைக்கப்பட்டார். எல்லோருக்கும் அல்ல, எப்போதாவது ஒருவருக்கு. இப்படித்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும் என்று சீட்டு வந்தது. அவருக்குச் சொந்தமாக ஒரு பல்கூட இல்லை. வந்தது பல்செட்டின் பிடியைச் சரிசெய்ய. ஆனால் அச்சில் வந்ததை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். நாற்காலியில் சாய்ந்து, பல்செட்டைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மருத்துவமனையின் நிர்வாகி அம்மாள் மறுநாளே மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரிந்து கோளாறு நிற்க வேண்டும். இல்லையென்றால் பழையபடி கையால் சீட்டு எழுதிக்கொள்வோம், உங்கள் சகவாசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் போனார்.

முதலாளி ஓடுதேயாரைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"பல் ஆஸ்பத்திரி போச்சுன்னா, உங்களை எங்க உட்கார வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலை," என்றார்.

பேச்சு நாற்காலியைப் பற்றியது அல்ல என்று ஓடுதேயாருக்குப் புரிந்தது. ஓடுதேயாரின் வேறு நிரல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இளையவர்கள் கைக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தது இந்தப் பல் ஒன்றுதான். அது விழுந்தால் அவரும் விழுவார். வெளியே போய் வேலை கேட்டால், அவர் கேள்விப்பட்டிராத பத்துப் பெயர்களைச் சொல்லி இதெல்லாம் தெரியுமா என்று கேட்பார்கள். அதைவிட, வேலை போன செய்தி பால்கனி வழியாக இறங்கி, மாமனார் வீடுவரை போகும். மாமனாருக்கு மறுபடி புரையேறும்.

தன் இடத்துக்கு வந்து வழக்கப்படி ஒரு முறை அழுத்திப் பார்த்தார். ஓடியது. இந்த முறை அதைக் கேட்க எதிரே யாரும் நிற்கவில்லை.

அதன் பிறகு நடந்தது வேட்டை. ஓடுதேயாரைப் பற்றி என்ன சொன்னாலும், வேட்டை என்று இறங்கினால் அவர் சோம்பேறி அல்ல. இந்தத் தொழிலில் பிரேக்பாயிண்ட் என்று ஒன்று உண்டு. நீங்கள் பொத்தானை அழுத்தி அனுப்பிய கோரிக்கையை, நிரலின் குறிப்பிட்ட வரிக்கு வந்ததும் "அங்கேயே நில்" என்று நிறுத்தி, அதன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று சாவகாசமாகத் தடவிப் பார்க்கலாம். பிறகு ஒரு வரி நகர்த்தி மறுபடி தடவலாம். ஓடுதேயார் காலை முழுதும் நிறுத்தினார், தடவினார், நகர்த்தினார். உள்ளே வந்த பெயர், எல்லா வரியிலும் அதே பெயராக இருந்தது. வெளியே போகும்போதும் அதே பெயராகப் போனது. நிரலின் வழியெங்கும் "இங்கே வந்தாச்சு", "இங்கேயும் வந்தாச்சு", "இன்னும் உயிரோடு இருக்கிறேன்" என்று அச்சிடச் சொல்லி வரிகளைச் சொருகினார். எல்லாம் வரிசைப்படி வந்தன. நிரல் உயிரோடு இருந்தது. அவருக்குத்தான் சந்தேகமாக இருந்தது.

கடைசியில், அவர் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். வாடிக்கையாளர் இடத்துக்கே நேரில் போனார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சீட்டு போடும் பெண்கள் இருவரையும் பார்த்தார். மருத்துவமனை நாலாவது மாடியில் இருந்தது. லிப்ட் வந்து கதவு திறக்கும்போது நோயாளிகள் கொத்தாக இறங்குவார்கள். ஒருவர் இந்தக் கவுண்டருக்கு, ஒருவர் அந்தக் கவுண்டருக்கு. இரண்டு பெண்களும் ஒன்றாகப் பெயர் கேட்பார்கள், ஒன்றாகத் தட்டுவார்கள், சில சமயம் ஒன்றாக அழுத்துவார்கள். லிப்ட் பழுதாகி ஆட்கள் படியேறி மூச்சுவாங்கித் தனித்தனியே வந்த நாளில் ஒரு தப்பும் நடக்கவில்லை என்று அந்தப் பெண்களில் மூத்தவள் சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. லிப்டைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடுதேயார் அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினார். இரண்டு பேர் ஒன்றாக அழுத்த வேண்டும். அதுவரைக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது ஆள் யார் என்பதும் தெரிந்தது. அதுதான் நடையைத் தளர்த்தியது.

ஒரே ஆள் இரண்டு ஜன்னல் திறந்து தானே இரண்டையும் அழுத்தினால் என்ன என்று இந்தத் தொழில் தெரிந்தவர்கள் கேட்கலாம். ஓடுதேயாரும் அதைத்தான் முதலில் முயன்றார். ஆனால் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நுழையலாம் என்று ஒரு பாதுகாப்பு அந்த நிரலில் இருந்தது. இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் முதல் ஜன்னல் மூடிக்கொள்ளும். அதை எழுதியவரும் ஓடுதேயார்தான். நன்றாக எழுதியிருந்தார், அதில் பிழையே இல்லை. அதை எடுத்துவிட்டுச் சோதித்தால், சோதிப்பது மருத்துவமனையில் ஓடுகிற நிரலாக இருக்காது. சோதனை சர்வரில் நுழையும் கடவுச்சொல் இருவருக்குத்தான் உண்டு; அதை வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது முதலாளியின் இன்னொரு தீர்ப்பு.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். பால்கனி கூடியது. நாளை மதியத்துக்கு மேல் ஒத்துழைக்கச் சம்மதம் என்று பதில் ஏறி வந்தது. இருவரும் ஒரே வேளையில் சர்வரைத் தொட முதலாளியும், ஊரடங்கைத் தளர்த்துகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அனுமதித்தார்.

மறுநாள் மதியம் நடந்ததை அந்த அலுவலகம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஜன்னலோரம் ஓடுதேயார். மூன்று நாற்காலி தள்ளிச் சகலை. இருவர் காதிலும் போன். ஓடுதேயாரின் போன் மாடியில் இருக்கும் மனைவியிடம். சகலையின் போன் கீழ்த்தளத்துத் தங்கையிடம். நடுவில் பால்கனி.

"மூணு சொன்னதும் அழுத்தணும்னு சொல்லு," என்றார் ஓடுதேயார்.

"ஏண்டி, மூணு சொன்னதும் அழுத்தணுமாம்," என்றது மாடி.

ஓடுதேயார் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அழுத்தினார். அவர் சொன்ன மூன்று, ஊர் தாண்டி மாடிக்குப் போய், பால்கனியிலிருந்து குதித்து, கீழ்த்தளத்துப் போனுக்குள் புகுந்து, திரும்பி ஊர் தாண்டி வந்து சகலையின் காதில் விழுந்தபோது, ஓடுதேயாரின் சீட்டு வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. மூன்று நாற்காலி தூரத்தில் சகலைக்கு அந்த மூன்று நேராகவே கேட்டிருக்கும். ஆனால் நேராகக் கேட்டதாக ஒப்புக்கொண்டால், தன்னிடம் பேசப்பட்டதாக ஆகிவிடும். முறையான வழியில் வரும்வரை அவர் அதை மூன்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல முறை எண்ணினார்கள். ஒரு முறை இரண்டு வந்து சேர்ந்தது, மூன்று வரவில்லை; தங்கை அடுப்பை அணைக்கப் போயிருந்தாள். ஒரு முறை மூன்றுக்குப் பதிலாக, போர்வை காய்ந்துவிட்டதா என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு முறையும் இருவருக்கும் அவரவர் சீட்டு சரியாக வந்தது.

ஓடுதேயார் எண்ணுவதை விட்டுவிட்டு, தன் கோரிக்கையைப் பெயர் வாங்கிய வரிக்கு அடுத்த வரியில் பிரேக்பாயிண்ட் போட்டு நிறுத்தினார். வேறு எதுவும் தோன்றவில்லை. கை பழக்கத்தில் செய்தது. சட்டைப்பையைத் தடவினார். பெயர்: அஅஅ. அவர் சோதனைக்குத் தட்டுகிற பெயர் எப்போதும் அதுதான். கற்பனைக்கு அவர் நேரம் ஒதுக்குவதில்லை.

அந்தப் பக்கம் சகலை காத்திருந்தார். கொடியிலிருந்து போர்வையை எடுக்கப் போன தங்கை இன்னும் போனுக்குத் திரும்பவில்லை. சலித்துப் போய், யாரும் எண்ணாமலே, ஒரு பெயரைத் தட்டி அழுத்திவிட்டார்.

ஓடுதேயார் ஒரு வரி நகர்த்தினார். பெயரைத் தொடுகிற வேலையே இல்லாத வரி அது. மறுபடி சட்டைப்பையைத் தடவினார்.

பெயர்: மாமனார்.

ஓடுதேயார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமனார் அங்கேதான் இருந்தார். நிறுத்திவைத்த தன் நிரலுக்குள், தன் வேளையில் பிறர் கைபடாமல் காத்துவந்த சர்வருக்குள், அஅஅவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். குறை: பல் இல்லை. சகலை சோதனைக்குத் தட்டுகிற நோயாளி எப்போதும் மாமனார்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொரு தடவை அழுத்தச் சொல்லு," என்றார் போனில்.

"யாரை?"

"கீழ இருக்கிறவரை."

சொல்லப்பட்டது. இன்னொரு முறை அஅஅ நிறுத்தப்பட்டது, இன்னொரு முறை மாமனார் வந்தார். சந்தேகத்துக்கு இடமில்லை.

காரணம் ஒரு வரி. வருகிறவர் பெயரையும் குறையையும் வைக்கிற பெட்டி, ஆளுக்கு ஒன்றாக, வேலை நடக்கிற அடைப்புக்குறிக்கு உள்ளே இருக்க வேண்டும். அது நாலு வரி மேலே, அடைப்புக்குறிக்கு வெளியே, ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்தது. வீட்டுக்கு ஒரே பல்துலக்கி வைத்த மாதிரி. ஒருவர் துலக்கி முடித்த பிறகு அடுத்தவர் வந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் ஒன்றாகக் கை நீட்டினால்தான் அது யார் வாயில் இருக்கிறது என்ற பிரச்சினை வரும். காலையில் ஓடுதேயாரும் மாலையில் சகலையுமாக இத்தனை நாளும் ஒரே பல்துலக்கியில் துலக்கியிருக்கிறார்கள்.

எந்த வரியை யார் எழுதியது என்று காட்டுகிற வசதி அவர் கணினியில் உண்டு. அதை அதுவரை அவர் பிறரைப் பற்றித் தெரிந்துகொள்ளவே பயன்படுத்தியிருந்தார். அந்த வரிக்கு நேரே, சம்பளச் சீட்டிலும் மின்கட்டண ரசீதிலும் மட்டும் இருந்ததாகச் சொன்ன பெயர் இருந்தது.

வரியை வெட்டி, நாலு வரி கீழே ஒட்டினார். வைத்தியம் முடிந்தது. மூன்று நாற்காலி தள்ளிச் சகலை தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிய வரி எது, அதை எழுதியவர் யார் என்பதெல்லாம் அவர் திரையிலும் தெரியும். அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகி அம்மாள் வந்தார். கையில் புதிதாக அச்சடித்த சீட்டுக் கட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார். இங்கே சரிவராவிட்டால் மதியத்திலிருந்தே கையால் எழுத ஆரம்பிக்கத் தயார் என்பது அதற்கு அர்த்தம். கோளாறு தீர்ந்துவிட்டதாக முதலாளி மிகவும் விரிவாகச் சொன்னார். அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கண்முன்னால் இரண்டு பேரும் ஒன்றாக அழுத்திக் காட்டச் சொன்னார்.

முதலாளியின் கண்ணாடி அறை மேஜையில் ஆளுக்கொரு கணினி வைக்கப்பட்டது. ஓடுதேயார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் சகலையும் எடுத்தார்.

"போனையெல்லாம் உள்ள வைங்க," என்றார் நிர்வாகி அம்மாள்.

இருவரும் உள்ளே வைத்தார்கள். முதலாளி மேலே சுழலும் மின்விசிறியில் ஏதோ கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாகத் தெரிகிற எல்லோரும் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். நிர்வாகி அம்மாள் சீட்டுக் கட்டை மேஜைமேல் வைத்து அதன் ஓரங்களைச் சமமாகத் தட்டினார்.

"சகலை," என்றார் ஓடுதேயார். "மூணு சொன்னதும் அழுத்துங்க."

"சரிங்கண்ணே," என்றார் சகலை.

எண்ணினார். அழுத்தினார்கள். அஅஅவுக்கு அஅஅவின் சீட்டு வந்தது; மாமனாருக்கு மாமனாரின் சீட்டு வந்தது. நிர்வாகி அம்மாள் விடவில்லை. வேறு பெயர், வேறு பல், வேறு அறை என்று மாற்றிமாற்றிச் சொல்லி, தனக்கே அலுக்கும்வரை அழுத்தவைத்தார். ஒவ்வொரு முறையும் அவரவர் பல் அவரவர் வாயிலேயே இருந்தது.

பிறகு, தப்பு எங்கே இருந்தது என்று கேட்டார். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு நெட்வொர்க் என்று ஆரம்பித்தார். அது ஓடுதேயாரே முந்தின நாள் எழுதிக்கொடுத்த பதில்தான். நல்ல பதில், இதுவரை யாரும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. முதலாளி பேசப் பேச, ஓடுதேயார் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வரியை எழுதியது யார் என்று சகலைக்குத் தெரியும். வீட்டில் சொல்லியிருந்தால் அன்று மாலையே அது பால்கனிக்கு வந்திருக்கும். இரவுக்குள் மாமனாருக்குப் புரையேறியிருக்கும். மாடிக்கு வந்தது, போர்வை நன்றாகக் காய்ந்துவிட்டது என்ற செய்தி மட்டும்தான்.

"நெட்வொர்க் இல்லைங்க," என்றார் ஓடுதேயார். "நான் எழுதின ஒரு வரி. தப்பான இடத்துல இருந்துச்சு."

முதலாளி மறுபடி மின்விசிறிக்குப் போனார்.

"இத்தனை நாளா ஏன் யாரும் கண்டுபிடிக்கலை?" என்று கேட்டார் நிர்வாகி அம்மாள்.

"ரெண்டு பேர் ஒண்ணா அழுத்தினாத்தான் தெரியும். இங்க அதைத் தொடுறது நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்ப அழுத்திப் பாத்திருக்கலாமே?"

ஓடுதேயார் சகலையைப் பார்த்தார். சகலை மேஜையைப் பார்த்தார்.

"நாங்க பேசிக்கிறதில்லைங்க," என்றார் ஓடுதேயார்.

நிர்வாகி அம்மாள் இருவரையும் நிதானமாகப் பார்த்தார். கணினி வந்த நாளிலிருந்து இந்தத் தொழில்காரர்கள் தன்னிடம் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்றும், தனக்குப் புரிந்த முதல் காரணம் இதுதான் என்றும் சொன்னார். தங்கள் மருத்துவமனையிலும் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார், மேலே விவரிக்கவில்லை. இந்த முறை கொடுத்த டீயைக் குடித்தார். நிரலில் எது மாற்றினாலும் இவர்கள் இருவரும் உட்கார்ந்து ஒன்றாக அழுத்திப் பார்த்த பிறகுதான் தங்களுக்கு அனுப்ப வேண்டும், இவர்கள் இருவரில் யாரையும் மாற்றவும் கூடாது, இதை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டார். முதலாளி அந்தக் கணமே ஒப்பந்தத்தில் சேர்த்தார். "மேற்படி இருவரும் இடையில் எவரும் இன்றி நேரடியாகப் பேசிக்கொள்வார்கள்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அத்தகைய வரி உள்ள மென்பொருள் ஒப்பந்தம் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட நேர்ந்தது. படிக்கட்டு குறுகல். ஒருவர் பின்னால் ஒருவராக இறங்கினார்கள். ஒப்பந்தத்துக்கு உட்பட்டு ஏதாவது பேசியாக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. கண்ணாடிக் கடைக்கு முன்னால் வந்ததும் சகலைதான் ஆரம்பித்தார்.

"அண்ணே, நம்ம பாப்பாவுக்கு வாங்கின சைக்கிளைப் பாத்துட்டு, ரொம்ப நல்ல சைக்கிள், பாத்து எடுத்திருக்காருன்னு சொன்னீங்களாம். பாப்பா பள்ளிக்கூடம் பூரா சொல்லிட்டா. நான்தான் உங்ககிட்ட அதுக்கு ஒண்ணுமே சொல்லலை."

ஓடுதேயாருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பால்கனியில் நின்று அந்தச் சைக்கிளைப் பார்த்து, ஒரு மழைக்குத் தாங்காது, துருப்பிடித்து இற்றுப்போகும், ஏமாந்து வாங்கியிருக்கிறான் என்றுதான் சொன்னார். மனைவி கம்பியில் சாய்ந்து அதைக் கீழே சொன்னதையும் பார்த்தார்; என்ன சொன்னாள் என்று காது கொடுத்துக் கேட்கவில்லை. அவர் சொன்னது ஒன்று, கீழே போய்ச் சேர்ந்தது வேறு ஒன்று. நடுவில் எந்த இடத்தில் மாறியது என்று அவரால் விரல் வைத்துச் சொல்ல முடியும். இரண்டு வருஷமாக இந்த வழியில் இன்னும் என்னென்ன மாறிப் போயிருக்கிறது, அங்கிருந்து ஏறி வந்ததில் எவ்வளவு நிஜம் என்றும் வரிசையாகத் தோண்டிப் பார்த்துவிடலாம். அவர் தொழிலே அதுதான்.

ஓடுதேயார் சகலைக்கு இணையாக நடக்க ஆரம்பித்தார்.

"ஆமா," என்றார். "நல்ல சைக்கிள்தான். சங்கிலிக்கு மட்டும் அப்பப்ப எண்ணெய் விடுங்க."